வேகமும் சுழலும்: டேபிள் டென்னிஸ் ரப்பர் பற்றி வாசகர் கேள்விகள்

டேபிள் டென்னிஸ் பேட்டில் ஒட்டும் ரப்பர்களைப் பற்றிச் சேலம் மாவட்டத்து வாசகர்கள் எழுதிக் கேட்டவற்றுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்கள் இடம்பெறுகின்றன.

கேள்வி: பதினொரு வயதான என் மகன் பள்ளியில் டேபிள் டென்னிஸ் ஆடுகிறான். ரப்பர் ஒட்டியே விற்கும் பேட்டை விட்டுவிட்டு, பிளேடும் (பேட்டின் மரப்பகுதி) ரப்பரும் தனித்தனியாக வாங்கும்படி பயிற்சியாளர் சொல்கிறார். கடையில் ஒரு ரப்பரின் உறையில் வேகம் 13, சுழல் 11 என்றும், இன்னொன்றின் உறையில் வேகம் 120, சுழல் 110 என்றும் போட்டிருந்தது. எண் கூடுதலாக இருப்பதை வாங்கலாமா?
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: அந்த இரண்டு உறைகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில் பயன் இல்லை, அம்மா. ஒவ்வொரு நிறுவனமும் தன்னுடைய ரப்பர்களுக்குள் எது வேகமானது, எது மெதுவானது என்று காட்டுவதற்காகத் தானே ஓர் அளவை வைத்துக்கொண்டு அந்த எண்களைப் போடுகிறது. சர்வதேச டேபிள் டென்னிஸ் கூட்டமைப்பு ரப்பரின் கனத்தையும், பிம்பிள்கள் எனப்படும் சிறு முனைகளின் அடர்த்தியையும் பளபளப்பையும் சோதித்து அனுமதி வழங்குகிறதே தவிர, வேகத்துக்கும் சுழலுக்கும் மதிப்பெண் போடுவதில்லை. ஒரே நிறுவனத்தின் இரண்டு ரப்பர்களில் எது கூடுதல், எது குறைவு என்று அறிய மட்டும் அந்த எண்கள் உதவும்.

எதை வாங்குவது என்று முடிவு செய்வதற்கு, பந்து ரப்பரில் படும் நேரத்தில் என்ன நடக்கிறது என்பது தெரிந்திருந்தால் நல்லது. உங்கள் மகனின் பேட்டை விளிம்புப் பக்கமாக வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மேலே வழவழப்பான ஒரு மெல்லிய தோல் தெரியும். அதற்குக் கீழே சின்னஞ்சிறு தூண்கள் போல வரிசையாகப் பிம்பிள்கள் நிற்கும். தோலும் பிம்பிள்களும் ஒரே வார்ப்பில் வந்தவை, இரண்டையும் சேர்த்து டாப் ஷீட் என்பார்கள். பிம்பிள்களின் முனைகள் ஸ்பாஞ்சு என்னும் நுரை அடுக்கின் மேல் ஒட்டப்பட்டிருக்கும். ஸ்பாஞ்சுக்குக் கீழே மரம். பிம்பிள்கள் உட்பக்கம் திரும்பியிருக்கும் இந்த வகைதான் இன்று பெரும்பாலோர் ஆடுவது.

பந்து இந்த ரப்பரோடு தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. பேட் பந்தை நேராகத் தள்ளும்போது ஸ்பாஞ்சு உள்ளே அமுங்கி, பிறகு விரிந்து பந்தை வெளியே எறிகிறது. வேகம் பெரும்பாலும் இங்கிருந்து வருகிறது. அதே கணத்தில், பேட் பந்தை உரசியபடி மேல் நோக்கிச் செல்வதால், பந்து பட்ட இடத்து டாப் ஷீட் பக்கவாட்டில் இழுபடுகிறது. காற்றில் சாய்ந்த நெற்பயிர் காற்று நின்றதும் நிமிர்வதைப் போல, சாய்ந்த பிம்பிள்கள் பந்து விலகுவதற்குள் நிமிர்ந்தால், பேட்டின் வேகம் மட்டும் தந்திருக்கக்கூடிய சுழலைவிடச் சற்றுக் கூடுதலான சுழல் பந்துக்குக் கிடைக்கிறது. தோல் வழுக்கிவிட்டாலோ, பிம்பிள்கள் நிமிர்வதற்குள் பந்து போய்விட்டாலோ அந்தக் கூடுதல் கிடைக்காது.

ஆகவே ரப்பரை வடிவமைப்பவரின் கையில் இருப்பவை சில அம்சங்கள்: தோலின் பிடிமானம், பிம்பிளின் பருமன், உயரம், ஒன்றுக்கொன்று உள்ள இடைவெளி, ஸ்பாஞ்சின் கடினம், கனம், அதனுள் இருக்கும் காற்றறைகளின் அளவு. பட்டர்ஃபிளை நிறுவனத்தின் டெனர்ஜி வரிசை இதற்கு நல்ல உதாரணம். அந்த வரிசையில் 05, 64 என்ற இரண்டு ரப்பர்களுக்கும் ஸ்பாஞ்சு ஒன்றே. பிம்பிளின் அமைப்பு மட்டும் வேறு. 05-இல் பிம்பிள்கள் பருமனாகவும் நெருக்கமாகவும் இருக்கின்றன. அது சுழலுக்குப் பேர் பெற்றது, பந்து பேட்டிலிருந்து உயரமாக எழுந்து செல்லும். 64-இல் பிம்பிள்கள் மெலிந்து, இடைவெளி விட்டு நிற்பதால் டாப் ஷீட் எளிதில் அமுங்கிப் பந்து ஸ்பாஞ்சுக்குள் சீக்கிரம் இறங்குகிறது. அது வேகத்துக்கும் சற்றுத் தாழ்ந்த பாதைக்கும் உரியது. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிறு இடைவெளி ஆட்டத்தின் குணத்தையே மாற்றிவிடுகிறது.

உறையில் இருக்கும் எண்கள் ரப்பருக்குள் வேகமும் சுழலும் ஏற்கெனவே அடைத்து வைக்கப்பட்டிருப்பது போன்ற எண்ணத்தைத் தருகின்றன. உண்மையில் ரப்பர் திருப்பித் தருவது, கை கொடுத்ததில் ஒரு பங்கைத்தான். கடினமான, கனமான ஸ்பாஞ்சை அமுக்குவதற்கே வலுவான வீச்சு வேண்டும். பதினொரு வயதுப் பையனின் கையில் அந்த ஸ்பாஞ்சு பாதிகூட வேலை செய்யாமல் மரப்பலகை போலக் கிடக்கும், மெதுவாக ஆட வேண்டிய பந்துகள் மட்டும் எகிறிப் போகும். வேகம் மிகுந்த ரப்பரில் ஆடப் பழகிய பிள்ளைகள், பந்து வெளியே போய்விடுமோ என்ற பயத்தில் கையை முழுவதும் வீசாமல் பாதியில் நிறுத்தக் கற்றுக்கொள்கிறார்கள். அந்தப் பழக்கத்தைப் பின்னால் போக்குவது பெரும்பாடு. ஸ்பாஞ்சு 1.8 மில்லிமீட்டருக்கு மேற்படாத, மிதமான மென்மை உள்ள, தோலில் நல்ல பிடிமானம் இருக்கும் ஆல்ரவுண்டு வகை ரப்பரை இரண்டு பக்கமும் ஒட்டிக் கொடுங்கள். 1967-இல் வந்த ஸ்ரைவர், 1969-இல் வந்த மார்க் ஃபைவ் போன்ற பழைய ரப்பர்கள் இன்றும் பயிற்சிக்குப் பயன்படுவது இந்தக் காரணத்தால்தான். பிளேடும் ஐந்தடுக்கு மரத்தில் இருந்தால் போதும். கார்பன் இழை சேர்த்த பிளேடு இப்போது வேண்டாம்.

கேள்வி: சீன ரப்பர் ஒன்று வாங்கினேன். பேட்டைப் பந்தின் மேல் அழுத்தி எடுத்தால் பந்து கீழே விழாமல் ஒட்டிக்கொண்டே வருகிறது. ஆனாலும் என் டாப் ஸ்பின்னில் (பந்தை முன்னோக்கிச் சுழற்றும் அடி) சுழலும் இல்லை, வேகமும் இல்லை. நண்பரின் ஜப்பானிய ரப்பரில் ஒட்டும் தன்மையே இல்லை, அதில் அடித்தால் பந்து சீறுகிறது. ஏன்?
– கல்லூரி மாணவர், ஓமலூர்

பதில்: பந்து ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்துச் சுழலை அளக்கப் பலரும் ஆசைப்படுகிறார்கள். அசையாத பந்தின் 2.7 கிராம் எடையை ஓரிரு நொடிகள் தாங்குவது வேறு. பாய்ந்து வரும் பந்தை ஆயிரத்தில் ஒரு நொடியில் பிடித்துச் சுழற்றுவது வேறு. பின்னதற்கு வேண்டியது தோல் வழுக்காமல் இருப்பது. அதை இரண்டு வழியில் சாதிக்கலாம்: சீன ரப்பர்களைப் போல மேற்பரப்பிலேயே பசைத் தன்மை வைப்பது ஒரு வழி, ஜப்பானிய, ஜெர்மானிய ரப்பர்களைப் போல டாப் ஷீட்டை நன்கு நீண்டு சுருங்கும்படி செய்து, பந்து ஸ்பாஞ்சுக்குள் புதையும்படி விட்டு, புதைந்த பந்தைச் சுற்றிலும் பிடித்துக்கொள்ளும்படி அமைப்பது மற்றொன்று.

உங்கள் ரப்பரின் ஸ்பாஞ்சு மிகக் கடினமாக இருந்திருக்க வேண்டும். ஹரிக்கேன் வகையைச் சேர்ந்த சீன ரப்பர்கள் கால், இடுப்பு, தோள் மூன்றும் சேர்ந்து சுழலும் நீண்ட வீச்சுக்காக உருவானவை. அந்த வீச்சு கிடைக்கும்போது அவற்றைப் போல் சுழல் தருபவை குறைவு. மணிக்கட்டையும் முழங்கையையும் மட்டும் அசைத்து ஆடினால் ஸ்பாஞ்சு அமுங்காது, பந்து தோலின் மேலேயே உரசிவிட்டுச் சோர்வாகப் போகும். ஆனால் சர்வீஸ் போடும்போதும், வலைக்கு அருகில் குட்டையாகத் தள்ளும்போதும் இதே ரப்பர் உங்களுக்கு நல்ல பேக் ஸ்பின்னை, அதாவது பின்னோக்கிய சுழலை, தந்திருக்குமே, கவனித்தீர்களா? மெதுவான தொடுகையில் பசைத் தோல் தன் வேலையைச் செய்கிறது, ஸ்பாஞ்சு குறுக்கே வந்து பந்தை எகிற வைப்பதில்லை.

கடினத்தைக் குறிக்கும் டிகிரி எண்ணிலும் ஏமாந்துவிட வேண்டாம். சீன, ஜப்பானிய, ஜெர்மானிய அளவைகள் மூன்றும் வெவ்வேறு. ஜப்பானிய அளவையில் 36 என்று போட்ட ஸ்பாஞ்சு ஜெர்மானிய அளவையில் ஏறக்குறைய 47 ஆகும். சீன அளவையில் 40 என்று போட்டது இவை இரண்டையும்விடக் கடினமானதாக இருக்கும். எண் சிறியது என்பதால் மென்மையானது என்று நினைத்து வாங்கியவர்களை நிறையப் பார்க்கிறேன். நண்பரின் பேட்டில் சில நாள் ஆடிப் பாருங்கள். வீச்சை நீட்டிக் கற்கும் பொறுமை இருந்தால் சீன ரப்பரையே வைத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு ஒரு நாள் மாலையில் மட்டும் ஆடுவதானால் அது உங்களுக்கு ஏற்றதன்று.

கேள்வி: ஏற்காட்டில் விளையாட்டு ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் மாணவர்கள் மலையிறங்கிச் சேலத்தில் ஆடினால் அவர்களுடைய டாப் ஸ்பின் குட்டையாக விழுகிறது. சேலத்து அணிகள் இங்கே வந்தால் அவர்களுடைய பந்து மேசையைத் தாண்டிப் போகிறது. மூடுபனி நாட்களில் எல்லோருடைய ரப்பரும் வழுக்குகிறது. ரப்பரை மாற்றித் தீர்வு காண முடியுமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: இவற்றில் முதல் இரண்டுக்கும் ரப்பரைவிடக் காற்றே பொறுப்பு. சேலம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அந்த உயர வித்தியாசத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. கிரிக்கெட் பந்துக்கு இது பெரிதாகத் தெரியாமல் போகலாம். 40 மில்லிமீட்டர் விட்டமும் 2.7 கிராம் எடையும் உள்ள, உள்ளே காற்று மட்டும் இருக்கும் பந்துக்குக் காற்றுதான் எல்லாம். மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, அதைப் பின்னுக்கு இழுக்கும் காற்றின் தடை அதன் எடையைப்போல் நான்கைந்து மடங்கு இருக்கும் என்று கணக்கிடலாம். அதில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், குறைவது பந்தின் எடையில் ஏறக்குறையப் பாதி.

டாப் ஸ்பின் அடித்த பந்து மேசைக்குள் வளைந்து இறங்குவதும் காற்றினால்தான். முன்னோக்கிச் சுழலும் பந்து தன்னைச் சுற்றியுள்ள காற்றை மேல்நோக்கித் திருப்பிவிட, அதன் எதிர்விளைவாகப் பந்து கீழே அழுத்தப்படுகிறது. இதை மேக்னஸ் விளைவு என்பார்கள். காற்று மெலிந்திருக்கும் மலையில் பின்னிழுக்கும் தடையும் குறைகிறது, கீழே அழுத்தும் விசையும் குறைகிறது. இரண்டும் சேர்ந்து பந்தை நீளமாகவே கொண்டுபோகின்றன. கடைசிக் கோட்டில் விழ வேண்டிய பந்து வெளியே போவதற்கு அந்த வித்தியாசம் போதும். இதற்கு மாறாக, தூரத்தில் நின்று பந்தைக் கீழ்நோக்கி வெட்டுவது போல உரசி, அதாவது சாப் செய்து ஆடுபவருடைய பேக் ஸ்பின் பந்தைக் காற்று மேலே தாங்குகிறது. மலையில் தடை குறைவதால் அது நீளமாகப் போக வேண்டும், தாங்கும் விசை குறைவதால் சீக்கிரம் இறங்கவும் வேண்டும். ஒன்றை ஒன்று ஓரளவு ஈடு செய்துகொள்வதால் சாப் ஆட்டக்காரர்கள் மலைக்கும் தரைக்கும் எளிதாகப் பழகிவிடுவார்கள். உங்கள் மாணவர்களில் அப்படி ஆடுபவர் இருந்தால் கவனித்துப் பாருங்கள்.

இதற்காக ரப்பரை மாற்ற வேண்டாம். சேலத்தில் ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் பேட்டைச் சற்றே நிமிர்த்தி, வீச்சைக் கொஞ்சம் முன்னோக்கிச் செலுத்தினால் நீளம் வந்துவிடும். மேலே வரும் அணிகள் பேட்டைச் சிறிது மூடிக்கொள்ள வேண்டும். அரை மணி நேரம் ஆடினால் கை தானாகச் சரி செய்துகொள்ளும். அந்த அரை மணி நேரத்தை விட்டுவிட்டு நேராக முதல் ஆட்டத்தில் இறங்குவதால்தான் சிக்கல்.

குளிரும் ஈரமும் ரப்பரையே பாதிக்கும் விஷயங்கள். மார்கழி மாதத்துக் காலையில் ஸ்பாஞ்சு விறைத்துப் போய், துள்ளல் குறைந்து, பந்து மரத்தில் பட்டது போன்ற ஓசை வரும். ஈரத்தின் விளைவு இதைவிட மோசமானது. பேட் அறையில் குளிர்ந்து கிடந்து, பின்னர் பலர் மூச்சு விடும் கூடத்துக்குள் வரும்போது, கண்ணாடியில் படிவதைப்போல் அதன் மேல் நீர்த்திவலை மெல்லியதாகப் படிகிறது. தோலுக்கும் பந்துக்கும் நடுவே நீர் இருந்தால் பிடிமானம் போய்விடும்; உரசிச் சுழற்ற நினைக்கும் பந்து அப்படியே வழுக்கி வலையில் விழும். பேட்டை உறைக்குள் வைத்து, அந்த உறையைத் துணிகளுக்கு நடுவில் பைக்குள் வைக்கச் சொல்லுங்கள். ஆடும் இடத்துக்கு வந்ததும் உடனே உறையைத் திறக்காமல், கூடத்தின் வெப்பத்துக்கு அது வரும்வரை விட்டுவைப்பது நல்லது. உலர்ந்த பருத்தித் துணி ஒன்று இடுப்பில் இருக்கட்டும். பேட்டைத் துடைப்பவர்கள் பந்தைத் துடைக்க மறந்துவிடுகிறார்கள். அத்தகைய நாட்களில் மெலிதாக உரசும் அடியைத் தவிர்த்து, பந்து ஸ்பாஞ்சு வரை இறங்கும்படி அழுத்தி அடிப்பவர்களே தப்பிப்பார்கள்.

சேலத்துக் கோடையிலும் இதே தொல்லை வேறு உருவில் வருகிறது. பந்து அலைபாயும் என்பதற்காக மின்விசிறியை நிறுத்திவிட்டு ஆடும் கூடங்களில், முழங்கையிலிருந்து வழியும் வியர்வை ஒரு சொட்டு ரப்பரில் விழுந்தாலும் அந்த இடத்தில் பந்து நழுவும்.

கேள்வி: ஓய்வு பெற்ற பின் மாலையில் மனமகிழ் மன்றத்தில் ஆடுகிறேன். அங்கே ஒருவர் பிம்பிள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பரால் ஆடுகிறார். நான் எவ்வளவு சுழல் கொடுத்து டாப் ஸ்பின் அடித்தாலும், அவர் பேட்டைச் சும்மா காட்டுகிறார். திரும்பி வரும் பந்தை அடித்தால் வலையில் விழுகிறது. இது விதிக்கு உட்பட்டதுதானா?
– வாசகர், ஆத்தூர்

பதில்: விதிக்கு உட்பட்டதுதான், ஐயா. அவர் பயன்படுத்துவது லாங் பிம்பிள்ஸ். நம் மணிகா பத்ராவும் பேக்ஹேண்டில் லாங் பிம்பிள்ஸ் வைத்து ஆடியே 2018 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றார்.

வலையில் விழுவதற்குக் காரணம் இது. நீங்கள் அடித்த டாப் ஸ்பின் பந்து அவரை நோக்கி உருண்டு வருவது போலச் சுழன்றபடி வருகிறது. அவர் சாதாரண ரப்பரில் தடுத்திருந்தால், தோல் பந்தைப் பிடித்து அந்தச் சுழலை நிறுத்தி, ஓரளவு எதிர்த் திசையில் திருப்பியும் விட்டிருக்கும். லாங் பிம்பிள்களில் உராய்வு குறைவு. பந்து பட்டதும் அவை மடங்கிக் கொடுத்துவிடுகின்றன, பந்தைப் பிடிப்பதில்லை. ஆகவே பந்து சுழன்ற திசையிலேயே சுழன்றுகொண்டிருக்க, அது போகும் திசை மட்டும் மாறிவிடுகிறது. அவரை நோக்கி வந்தபோது டாப் ஸ்பின்னாக இருந்த அதே சுழல், உங்களை நோக்கி வரும்போது பேக் ஸ்பின். அவர் எதையும் கொடுக்கவில்லை. உங்களுடைய சுழலே உங்களிடம் திரும்பி வருகிறது. நீங்கள் பலமாகச் சுழற்றும் அளவுக்கு அது பலமாகத் திரும்பும்.

எனவே சுழலே இல்லாத, நீளமான, மெதுவான பந்தை அவருடைய பிம்பிள் பக்கம் போடுங்கள். அதில் திருப்பித் தர அவருக்கு ஒன்றும் இருக்காது. நீங்கள் பேக் ஸ்பின்னில் தள்ளினால் அது லேசான டாப் ஸ்பின்னாகத் திரும்பும்; அதை நிதானமாக அடிக்கலாம். டாப் ஸ்பின்னும் பேக் ஸ்பின்னும் மாறி மாறிப் போட்டு அவரைக் குழப்பப் பார்ப்பதில் அதிகம் குழம்புவது நீங்களாகத்தான் இருக்கும்.

விதிகள் இதற்கு எல்லை வகுத்திருக்கின்றன. பிம்பிள்கள் சதுர சென்டிமீட்டருக்கு 10-க்குக் குறையாமலும் 30-க்கு மிகாமலும் இருக்க வேண்டும். பிம்பிளின் உயரம் அதன் விட்டத்தைப்போல் 1.1 மடங்கைத் தாண்டக் கூடாது. உராய்வே இல்லாத பிம்பிள்கள் 2008-இல் தடை செய்யப்பட்டன. இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் ரப்பர் ஒட்டி, ஆட்டத்தின் நடுவே பேட்டைத் திருப்பித் திருப்பி எதிரியை ஏமாற்றிய காலம் ஒன்று இருந்தது; 1986 முதல் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் கறுப்பும் கட்டாயமாயிற்று. ஆட்டம் தொடங்குமுன் எதிரியின் பேட்டை வாங்கிப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. எந்த நிறம் பிம்பிள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, அவர் எந்த நிறத்தால் தொட்டார் என்று மட்டும் கவனியுங்கள்.

கேள்வி: சிவப்பு ரப்பருக்கு வேகம் அதிகம், கறுப்புக்குச் சுழல் அதிகம் என்கிறார்களே?
– வாசகி, கன்னங்குறிச்சி

பதில்: ஒரே ரப்பரை ஒரே கனத்தில் இரண்டு நிறத்திலும் வாங்கினால், நீங்களோ நானோ ஆடி உணரக்கூடிய வேறுபாடு இருக்காது. 2021 அக்டோபர் முதல் சிவப்புக்குப் பதிலாக நீலம், பச்சை, இளஞ்சிவப்பு, ஊதா ஆகியவையும் அனுமதிக்கப்படுகின்றன. மறுபக்கம் கறுப்பாக இருக்க வேண்டும் என்பது மாறவில்லை. பிடித்த நிறத்தை வாங்குங்கள்.

கேள்வி: எண்பதுகளில் என் சித்தப்பா ஆட்டத்துக்கு முன் சைக்கிள் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைப் பேட்டில் தடவுவார், பந்து பறக்கும். இப்போது அப்படிச் செய்யலாமா? ஸ்பாஞ்சு எப்போது வந்தது?
– வாசகர், சூரமங்கலம், சேலம்

பதில்: உங்கள் சித்தப்பா தம் காலத்து உலகப் போக்கோடு ஒத்துப் போனவர். 1970-களில் ஐரோப்பிய ஆட்டக்காரர்கள் தொடங்கி வைத்த வழக்கம் அது. அந்தப் பசையில் உள்ள கரைப்பான் ஸ்பாஞ்சின் காற்றறைகளுக்குள் புகுந்து அதை உப்பச் செய்யும். உப்பிய ஸ்பாஞ்சு டாப் ஷீட்டை இழுத்துப் பிடிக்கும். ரப்பர் மென்மையாகவும் துள்ளலாகவும் மாறி, வேகமும் சுழலும் சேர்ந்தே கூடும். சில மணி நேரத்தில் கரைப்பான் ஆவியாகிவிடுவதால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதிதாகத் தடவினார்கள். அந்த ஆவி நுரையீரலுக்குக் கேடு என்பதால் 2008 செப்டம்பரிலிருந்து தடை வந்தது. இப்போது நீரில் கரையும் பசையைத்தான் பயன்படுத்த வேண்டும். பூஸ்டர் எனப்படும் எண்ணெய்களைத் தடவுவதும் விதிக்குப் புறம்பானது. அதே 2008-இல் வெளிவந்த டெனர்ஜி, பசை தரும் துள்ளலைத் தொழிற்சாலையிலேயே ஸ்பாஞ்சுக்குள் அமைத்துக் கொடுத்ததால் உலகெங்கும் பரவியது.

ஸ்பாஞ்சை உலகம் திரும்பிப் பார்த்தது நம் நாட்டில்தான். 1952-இல் பம்பாயில் உலகச் சாம்பியன்ஷிப் நடந்தது. ஆசியாவில் நடந்த முதல் உலகச் சாம்பியன்ஷிப் அது. அதுவரை பெரும்பாலோர் ஸ்பாஞ்சு இல்லாத பிம்பிள் ரப்பரில், டக் டக் என்ற ஓசையோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். ஜப்பானிலிருந்து வந்த ஹிரோஜி சாத்தோ தடித்த ஸ்பாஞ்சு ஒட்டிய பேட்டோடு இறங்கினார். பந்து பட்ட ஓசையே கேட்கவில்லை. எவ்வளவு வேகமாக வரும், எங்கே விழும் என்று ஓசையை வைத்து மதிப்பிட்டு வந்த பெரிய ஆட்டக்காரர்கள் தடுமாறினார்கள். ஒற்றையர் பட்டம் அவருக்குப் போயிற்று. அடுத்த சில ஆண்டுகள் நடந்த வாதங்களுக்குப் பிறகு 1959-இல் வெறும் ஸ்பாஞ்சு தடை செய்யப்பட்டு, மேலே ரப்பர் ஒட்டிய ஸ்பாஞ்சு மட்டும், பசையோடு சேர்த்து 4 மில்லிமீட்டருக்கு மிகாமல் இருக்கலாம் என்று விதி வந்தது. அந்த 4 மில்லிமீட்டர் இன்றும் அப்படியே நிற்கிறது. இத்தனை நிறுவனங்களும் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தங்கள் திறமையைக் காட்டி வருவது அந்தச் சிறிய இடத்துக்குள்தான் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

பந்து மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2000-இல் 38 மில்லிமீட்டரிலிருந்து 40-க்குப் பெரிதாயிற்று. 2014-இல் செல்லுலாய்டு போய் வேறு பிளாஸ்டிக் வந்தது. இரண்டு மாற்றங்களிலும் சுழல் குறைந்தது. அதை ஈடுகட்டவே புதிய ரப்பர்கள் கடினமான ஸ்பாஞ்சும் கூடுதல் பிடிமானமுமாக வருகின்றன.

கேள்வி: விலை உயர்ந்த ரப்பர் ஒன்றை வாங்கி ஒட்டினேன். ஒரு கோடை கழிவதற்குள் சுழல் போய்விட்டது. போலி ரப்பராக இருக்குமோ?
– வாசகர், மேட்டூர்

பதில்: பேட்டை எங்கே வைத்திருந்தீர்கள் என்று எழுதவில்லை. சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள்ளோ, இருசக்கர வாகனத்தின் இருக்கைக்கு அடியிலோ கிடந்திருந்தால் அசல் ரப்பரும் இப்படித்தான் ஆகும். டாப் ஷீட்டில் இயற்கை ரப்பர் கலந்திருக்கிறது. வெப்பமும் வெயிலின் புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து அதன் மேற்பரப்பைக் கடினமாக்கிவிடும்.

ரப்பரைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். வயதாகித் தேய்ந்த ரப்பரில், பந்து அதிகம் படும் நடுப்பகுதி மங்கி வெளுத்திருக்கும், விளிம்பை ஒட்டிய பகுதி மட்டும் பழைய நிறத்தில் இருக்கும். கட்டைவிரலால் இரண்டு இடத்தையும் இழுத்துப் பார்த்தால், விளிம்பில் விரல் பிடிக்கும், நடுவில் வழுக்கும். நடுப்பகுதியில் பிம்பிள்களின் உருவம் புள்ளி புள்ளியாக மேலே தெரியத் தொடங்கினால், டாப் ஷீட் தேய்ந்து தளரத் தொடங்கிவிட்டது என்று பொருள், மாற்றத்தான் வேண்டும். எல்லா இடமும் ஒரே மாதிரி வழுக்கினால் பெரும்பாலும் தூசியும் வியர்வையுமாக இருக்கும். ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, நிழலில் காயவைத்து, பிளாஸ்டிக் தாளை ஒட்டி மூடி வையுங்கள். சோப்பும் சானிடைசரும் வேண்டாம். வாரத்துக்கு மூன்று நாள் ஆடுபவர் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் ரப்பரை மாற்ற நேர்வது இயல்புதான்.

போலியா என்ற சந்தேகத்துக்கு ஒரு சோதனை உண்டு. அனுமதி பெற்ற ஒவ்வொரு ரப்பரின் அடிப்பகுதியிலும், கைப்பிடிக்கு அருகில், கூட்டமைப்பின் முத்திரையும் ஓர் எண்ணும் அச்சிலேயே வார்க்கப்பட்டிருக்கும். சிறு கோட்டுக்கு முன் உள்ள இலக்கம் நிறுவனத்தையும், பின் உள்ளது அந்த ரப்பரையும் குறிக்கும். கூட்டமைப்பு தன் இணையதளத்தில் வெளியிடும் பட்டியலில் அந்த எண்ணைத் தேடி, ரப்பரின் பெயரோடு ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். போலிகளில் எழுத்தின் விளிம்பு மழுங்கியிருக்கும், சில வேளைகளில் எண் வேறொரு ரப்பருக்கு உரியதாக இருக்கும். எண் ஒத்துப் போகாவிட்டால் வாங்கிய ரசீதோடு கடைக்குத் திரும்பப் போங்கள். அந்தப் பேட்டோடு போட்டிக்குப் போனால் நடுவர் அனுமதிக்க மாட்டார்.